மதிய இடைவேளையில் ஓவியம்

லண்டன் பாங்க் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து கில்ட்ஹால் கலைக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம். வழி நெடுக வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும்தான். மதிய வேளையில் சாண்ட்விச்சைக் கடித்தபடி ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள் ஊழியர்கள்.

அப்படிப்பட்ட 28 ஊழியர்களை வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலா க்ளோவும் காத்ரின் ஃப்ரெட்ஹோயும் உணவு இடைவேளையில் இந்தக் கலைக்கூடத்துக்கு வரவழைத்தார்கள். பாடம் நடத்தவில்லை, வழிகாட்டி வைக்கவில்லை. 35 நிமிடம் இஷ்டப்படி சுற்றிப் பார்க்கச் சொன்னார்கள். உள்ளே நுழையும்போதும் கிளம்பும்போதும் உமிழ்நீர் எடுத்துச் சோதித்ததில், மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் நன்றாகவே இறங்கியிருந்தது. 2006-இல் ஆய்வு வெளியானது.

அந்தச் சுவர்களில் இருப்பவை எல்லாம் சாந்தமான படங்கள் அல்ல. இரண்டு மாடி உயரத்துக்கு எழும், ஓவியர் காப்ளியின் படத்தில் ஜிப்ரால்டர் கடற்போர் கொழுந்துவிட்டு எரிகிறது. ஓவியர் மிலே தன் மகள் எஃபியை வரைந்த இரு படங்களும் இங்கேதான் இருக்கின்றன. 1863-இல் வரைந்ததில் முதன்முதலாகப் பிரசங்கம் கேட்கும் சிறுமி, சிவப்பு மேலங்கியில், முதுகை நிமிர்த்திக் கண் விரிய உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாவது பிரசங்கத்தில் அதே பெண், அதே சிவப்பு. ஆனால் அசந்து தூங்கிவிட்டாள்! பார்த்துச் சிரிக்காமல் நகர முடியாது.

28 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்த ஆய்வு நடந்ததும் லண்டனில்தான். மேற்கே ஃப்ளீட் தெரு வழியாக நடந்தால், ஸ்ட்ராண்ட் சாலையில் சோமர்செட் ஹவுஸ். அதற்குள் கோர்ட்டால்ட் கலைக்கூடம். 2025-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி வெளியிட்ட ஆய்வில் 50 பேர். பாதிப் பேர் இங்கே மானே, வான் கோ, கோகன் ஆகியோரின் அசல் படங்களை 20 நிமிடம் பார்த்தார்கள். மீதிப் பேர் வேறோர் அறையில் நகல்களைப் பார்த்தார்கள். அசலைப் பார்த்தவர்களுக்குக் கார்டிசால் 22 சதவீதம் குறைந்தது. நகலைப் பார்த்தவர்களுக்கு 8 சதவீதம்தான். அசலின் முன் நின்றவர்களுக்கு இதயத் துடிப்பில் கிளர்ச்சியும் தெரிந்தது. மன இறுக்கம் தளர்ந்தது, கூடவே மனம் விழித்தும் கொண்டது.

கோர்ட்டால்டில் இருக்கும் மானேவின் மதுக்கூடப் படத்தின் இடது மேல் மூலையில் ஊஞ்சல் வித்தைக்காரியின் பச்சைக் காலணிகள் தொங்குகின்றன. அச்சுப் பிரதியில் பலர் கவனிக்காமல் விடும் இடம் அது. கோர்ட்டால்டுக்குக் கட்டணம் உண்டு. கில்ட்ஹாலின் நிரந்தரக் காட்சிக்கு அனுமதி இலவசம். சாண்ட்விச்சோடு ஓடுகிறவர்களுக்கு அது அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.