கணக்கில் வராத மேட்ச்

உலகத்தில் சில சமாசாரங்கள் நடக்கும், ஆனால் கணக்கில் வராது. கல்யாண வீட்டில் நோட்டில் எழுதாமல் கையில் திணிக்கிற மொய், ஓட்டலில் இரண்டாம் தடவை ஊற்றுகிற சாம்பார், மனைவி சொல்லும் 'பரவாயில்லை'... (இந்தக் கடைசி ஐட்டம் பிற்பாடு வட்டியும் முதலுமாகக் கணக்கில் வந்துவிடும் என்று கல்யாணமான நண்பர்கள் சொல்கிறார்கள்.)

அமெரிக்காக்காரன் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறான். 'ப்ரீ சீசன்'. என்.பி.ஏ. என்கிற தொழில்முறைக் கூடைப்பந்தில் ஒரு டீம் வழக்கமாக சீசனுக்கு 82 மேட்ச் ஆடவேண்டும். அதற்கு முன்னால், உடம்பு வளைகிறதா என்று பார்த்துக்கொள்ள நாலைந்து மேட்ச். ஜெயித்தால் வெற்றிக் கணக்கில் ஏறாது. தோற்றால் தோல்விக் கணக்கிலும் ஏறாது. சும்மா!

அந்தச் சும்மா மேட்ச் ஒன்றுக்காகத்தான் 2019 அக்டோபர் 4-ம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி, சித்தேரி மலையில் ஒரு மனுஷன் தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினான். அந்த மனுஷன் அடியேன்.

சித்தேரி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தர்மபுரி மாவட்டம். அரூரில் பஸ் ஏறினால் வளைந்து வளைந்து மலைமேல் கொண்டுபோய் விடும். சாமை விளையும், கேழ்வரகு விளையும், மரவள்ளி விளையும். செல்போன் சிக்னல் மட்டும் சரியாக விளையாது. அங்கிருந்து தினமும் இறங்கி, அரூரில் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறேன். தொகுப்பூதியம். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். சொன்னால் தற்காலிகமும் மிஞ்சாது.

படிக்கும்போது ஹாஸ்டலில் ஒரு கூடைப்பந்து கோர்ட் இருந்தது. அங்கே பிடித்த பைத்தியம். ரசிப்பது என்று ஆனபிறகு ஜெயிக்கிற டீமாகப் பார்த்து ரசிக்கலாம் இல்லையா? என் ஜாதகம், சேக்ரமென்டோ கிங்ஸ் டீமைப் பிடித்தேன். காரணம் இருந்தது. 2013-ல் அந்த டீமை வாங்கிய விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர். 2015 ஏப்ரலில் சிம் புல்லர் என்கிற 7 அடி 5 அங்குலப் பையனை அந்த டீம்தான் இறக்கியது. இந்திய வம்சாவளியில் என்.பி.ஏ. ஆடிய முதல் ஆள். மொத்தம் ஆடியது மூன்றே மேட்ச். அதிலும் சில நிமிஷம்தான். இருக்கட்டுமே, நம்ம ஆள்!

மற்றபடி 2006-க்கு அப்புறம் கிங்ஸ் ப்ளே-ஆஃப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. 'இந்த வருஷம் பெர்மனென்ட் ஆகிடும்' என்று வருஷா வருஷம் காத்திருக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான டீம் கிடைக்குமா, சொல்லுங்கள்!

இதில் நேரக் கொடுமை வேறு. சேக்ரமென்டோவில் ராத்திரி ஏழு மணி மேட்ச் என்றால், குளிர்காலத்தில் இங்கே காலை எட்டரை. பஸ்ஸில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வளைவில் டி ஆரன் ஃபாக்ஸ் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவார். சிக்னல் போய்விடும். மலை இறங்கி சிக்னல் வரும்போது எதிர் டீம் எட்டு பாயின்ட் அதிகம் போட்டிருக்கும். நடுவில் என்ன ஆனது என்பது அந்த மலைக்குத்தான் வெளிச்சம்.

இப்படி இருக்கும்போதுதான் சேதி வந்தது. கிங்ஸும் இண்டியானா பேஸர்ஸும் மும்பைக்கு வருகிறார்கள்! வொர்லியில் உள்ள என்.எஸ்.சி.ஐ. டோமில், அக்டோபர் 4, 5 இரண்டு நாள், இரண்டு மேட்ச். என்.பி.ஏ. டீம்கள் இந்திய மண்ணில் மோதுவது அதுதான் முதல் தடவை. இரண்டும் ப்ரீ சீசன்தான். ஆனால் நேரத்தைப் பாருங்கள், சாயங்காலம் ஏழு மணி! அப்போது சேக்ரமென்டோவில் காலை ஆறரை. இத்தனை வருஷம் நான் பட்ட பாட்டை அந்த ஊர் ரசிகன் ஒரு நாளாவது படட்டும், பல் தேய்த்துக்கொண்டே பார்க்கட்டும் என்று மனசு குளிர்ந்தது.

திங்கட்கிழமை ஆயுத பூஜை. எங்கள் ஆபீஸில் வெள்ளிக்கிழமையே கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரி கொடுத்துவிட்டார்கள். பொரிப் பொட்டலத்தோடு மலை ஏறி, டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்தில் அம்மா. அதற்குப் பக்கத்தில் மாமா. தெரு வாண்டுகள் ஒரு டஜன், மேட்சுக்காக அல்ல, பொரிக்காக.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். தெருக்கூத்தில் வேஷம் கட்டுகிறவர். துச்சாதனனாக வந்தால் முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து ஓடும். விளையாட்டு என்றால் அவருக்கு எருது விடுகிறதுதான்.

ஆளுயரத்துக்கு மேலே ஆட்கள் ஓடி வந்ததும் அம்மா, "இவனுங்களைப் பெத்தவ என்னத்தடா போட்டு வளத்தா?" என்றாள். அரங்கத்தில் உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் ஸ்கூல் பிள்ளைகள். ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் ஜூனியர் என்.பி.ஏ. திட்டத்தில் ஆடுகிற 70 ஸ்கூல் பிள்ளைகள், மூவாயிரத்துக்கும் மேலே. முதல் நாள் மேட்சை அவர்களுக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். அவர்கள் போட்ட கூச்சலைக் கேட்டு எங்கள் வீட்டு வாண்டுகளும் பொரியை மறந்து கத்த ஆரம்பித்தன. யார் போட்டாலும் கத்தல். கட்சி பேதமே கிடையாது.

எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. எங்கள் ஆள் படி ஹீல்டு தூரத்திலிருந்து குறி பார்த்துப் போடுகிறார். அந்தப் பக்கம் டி.ஜே. வாரன் சளைக்காமல் திருப்பிப் போடுகிறார். 48 நிமிஷம் முடிந்தது. பார்த்தால் இரண்டு டீமும் சமம்! எதற்கும் சேராத மேட்ச்தானே, கை குலுக்கிவிட்டுச் சாப்பிடப் போகலாம் அல்லவா? போகவில்லை. மேற்கொண்டு ஐந்து நிமிஷம் ஆடினார்கள். வியர்வை ஒழுக, மூச்சு வாங்க, பந்துக்காகத் தரையில் விழுந்து புரண்டு ஆடினார்கள். கடைசியில் பேஸர்ஸ் 132, கிங்ஸ் 131. ஒரே ஒரு பாயின்ட். வாரன் 30, ஹீல்டு 28. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

மாமா கேட்டார். "ஏன் மாப்ள, ஜெயிச்சவனுக்கு என்ன குடுப்பாங்க?"

"ஒண்ணும் இல்லை மாமா. இது கணக்குலயே சேராது."

"சேராதா? அப்புறம் எதுக்குடா இந்த ஓட்டம் ஓடறானுங்க?"

"சீசனுக்கு முன்னாடி ஒரு பழக்கத்துக்கு..."

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப உன் உத்யோகம் மாதிரின்னு சொல்லு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் பொரி தொண்டையில் நின்றது. அப்போது ஆறு வருஷ சர்வீஸ். ஆனால் அதற்கு 'சர்வீஸ்' என்று பெயரே கிடையாது. பென்ஷனுக்குச் சேராது, இன்க்ரிமென்ட்டுக்குச் சேராது, பெண் பார்க்கப் போகிற வீட்டில் சொன்னால் அங்கேயும் சேராது. 'வாங்கற சம்பளத்துக்கு இது போதும்டா' என்று அடுத்த சீட்டு நண்பன் தினமும் உபதேசம் செய்வான். நியாயமாகத்தான் படும். கணக்கில் வராத ஓட்டத்தை எவன் மூச்சு முட்ட ஓடுவான்?

அதற்குத்தான் மாமாவிடம் மிச்சக் கதையைச் சொன்னேன். அப்போதைய விதிப்படி ப்ரீ சீசனுக்கு ஒரு டீம் 20 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். சீசன் தொடங்கும்போது 15 பேர்தான் நிரந்தரம். கூடுதலாக அப்போது இரண்டு பேரை ஜூனியர் டீமுக்கும் இதற்குமாக அலையவிட முடிந்தது. மீதிப்பேர் பெட்டி கட்டவேண்டியதுதான். ஆக, ஸ்டாருக்கு இது பயிற்சி. பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருக்கிறானே, அவனுக்கு இதுதான் ஃபைனல். ஸ்டாருக்கும் முழுக்கச் சும்மா இல்லை. ஹீல்டுக்கு அப்போது புது காண்ட்ராக்ட் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாசமே கையெழுத்தானது.

"நல்லா ஆடினா எல்லாரையும் வச்சுக்குவானா?" என்றார் மாமா.

"இல்லை மாமா. எப்படி ஆடினாலும் சில பேர் போய்த்தான் ஆகணும்."

இதில் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. உழைத்தால் உயரலாம் என்பதைச் சொல்ல காலண்டர் தாள்கள் இருக்கின்றன. பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னம் சிங்கை 2015-ல் டாலஸ் மேவரிக்ஸ் 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டீமால் தேர்வான முதல் ஆள். கோடைக்கால லீகில் ஆடினார், ஜூனியர் டீமில் ஆடினார். கணக்கில் சேருகிற என்.பி.ஏ. மேட்ச் ஒன்றுகூட ஆடக் கிடைக்கவில்லை. ரிக்கார்டு புத்தகத்தைப் புரட்டினால் அந்த இடம் காலி. ஆனால் அவர் போன பிறகுதான் நம்ம ஊர்ப் பையன்களுக்கு அங்கே ஒரு வாசல் இருப்பதே கண்ணுக்குத் தெரிந்தது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார். "சலங்கை கட்டிட்டா எவன் குதிச்சாலும் சத்தம் வரும் மாப்ள. ஒத்திகைல சலங்கை கிடையாது. அப்பத்தான் தெரியும், எவனுக்குக் காலு இருக்குன்னு."

சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஒரு பாயின்ட்டில் தோற்றது பாதி, சலங்கை பாதி.

விடிந்தால் வாசலில் வாண்டுக் கூட்டம். "அண்ணா, நம்ம ஊருக்கும் அந்த வளையம் கட்டலாமா?" நான் ரூல்ஸ் சொன்னேன். வளையம் 18 அங்குல அகலம், தரையிலிருந்து 10 அடி உயரம். மாமாவே களத்தில் இறங்கினார். சிமென்ட் கலவை சுமக்கிற இரும்புச் சட்டி ஒன்று, அடி ஓட்டையாகிக் கிடந்தது. முழம் போட்டுப் பார்த்தார். "ஒரு முழம். சரியா இருக்கு." மிச்ச அடியையும் உளியால் தட்டி எடுத்துவிட்டார்.

இந்த ஆட்டத்தை 1891-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நைஸ்மித் கண்டுபிடித்தபோது, பீச் பழக்கூடையைத்தான் ஆணி அடித்து மாட்டினார். அந்த ஜிம்மில் பால்கனிக் கம்பி 10 அடியில் இருந்தது, அதனால் கூடையும் 10 அடி. அடி மூடிய கூடை. ஒவ்வொரு தடவையும் யாராவது ஏறிப் பந்தை எடுக்கவேண்டும். எங்கள் சட்டியில் அந்தத் தொல்லை இல்லை. முதல் நாளே சித்தேரி ஒரு படி மேல்!

உயரத்தில்தான் சிக்கல். 10 அடி என்றால் ஆறே முக்கால் முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. "முக்கா முழமெல்லாம் புளியமரத்துல அளக்க முடியாது. ஏழுன்னு வச்சுக்க" என்று மாமா கட்டிவிட்டார். கூத்துக்காரரிடம் அப்பீல் ஏது? பிள்ளைகள் எம்பி எம்பிப் போட்டார்கள். பந்து சட்டியில் இடித்து 'டங்' என்று திரும்பியது. எதிர் வீட்டுப் பெண், அப்போது ஆறாம் வகுப்பு, அன்றைக்கு மட்டும் நூறு தடவையாவது போட்டிருப்பாள். ஒன்றுதான் விழுந்தது. ஊரே கேட்கிற மாதிரி கத்தினாள்.

அன்று சாயங்காலம் இரண்டாவது மேட்ச். மழை பெய்து பாதியில் கரன்ட் போனது. நல்லதாகப் போயிற்று. பேஸர்ஸ் 130, கிங்ஸ் 106.

சீசன் தொடங்கியதும் கிங்ஸ் முதல் ஐந்து மேட்சும் வரிசையாகத் தோற்றது. இவை எல்லாம் மட்டும் கணக்கில் சேர்ந்தன! 2022 பிப்ரவரியில் ஒரு வேடிக்கை நடந்தது. மும்பை வந்தபோது பேஸர்ஸ் சட்டை போட்டிருந்த டொமான்டஸ் சபோனிஸ் எங்கள் டீமுக்கு வந்தார். எங்கள் ஹீல்டு அங்கே போனார். சம்பந்தம் பேசிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி. அந்தச் சபோனிஸும் ஃபாக்ஸும் சேர்ந்துதான் 2023-ல் கிங்ஸை ப்ளே-ஆஃபுக்குக் கொண்டுபோனார்கள். 16 சீசன் காய்ந்து கிடந்த பிறகு! முதல் சுற்றிலேயே கோல்டன் ஸ்டேட்டிடம் ஏழாவது மேட்ச் வரை இழுத்துத் தோற்றார்கள். தோற்றால் என்ன, ஆபீஸில் எல்லாருக்கும் என் செலவில் டீ.

டீ செலவைக் கணக்கு எழுதும்போது கவனித்தேன், சம்பளம் இன்னும் அதே தொகுப்பூதியம். அடுத்த சீட்டு நண்பன் வேறு வேலைக்குப் போய்விட்டான். போவதற்கு முன், "நீ மட்டும் ஏண்டா இப்படி எழுதித் தள்றே?" என்றான். மனு எழுதத் தெரியாமல் மலையிலிருந்து இறங்கி வருகிற பெரியவருக்கு நான் பெர்மனென்ட்டா, டெம்பரவரியா என்று தெரியாது, அவர் பேர் சரியாக டைப் ஆகிறதா என்பதுதான் அவர் கவலை. இதை அவனிடம் சொல்லவில்லை. சிரித்தேன். மாமாவின் சலங்கையை அவனுக்கு எப்படி விளக்குவது?

எதிர் வீட்டுப் பெண் ப்ளஸ் ஒன்னுக்குக் கீழே ஹாஸ்டலில் சேர்ந்தாள். அங்கே அளவெடுத்துக் கட்டிய அசல் கோர்ட் இருக்கிறது. முதல் வாரமே போன் செய்தாள். குரலில் ஒரே சந்தேகம்.

"அண்ணா, இங்க வளையத்தை யாரோ இறக்கிக் கட்டிட்டாங்க போல. போட்டா போட்டா விழுதுண்ணா!"