ரப்பர் புழுவும் என் மாமனாரும்

ஊசியில் நூல் கோக்கத் தெரியுமா உங்களுக்கு? பாவாடைக்கு நாடா நுழைக்கத் தெரியுமா? அப்படியானால் கொடுவா மீன் பிடிக்கும் வித்தையில் பாதி உங்களுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறேன்.

"மீன் வாங்குவது நாங்கள், கழுவுவது நாங்கள், குழம்பு வைப்பது நாங்கள். இனிமேல் பிடிப்பதும் நாங்கள்தானா?" என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. பிடிக்க வேண்டாம் அம்மா. கோத்துக் கொடுத்தால் போதும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் ஊர் தவளக்குப்பம். பெயரைக் கேட்டதும், "அங்கே தவளை அதிகமோ?" என்று கேட்காத விருந்தாளி கிடையாது. மழைக் காலத்தில் ஓரளவு உண்டுதான். ஆனால் எங்களுக்குப் பெருமை ஆற்றினால். கடலூர்ச் சாலையில் புதுச்சேரிப் பக்கமாகப் போனால் சுண்ணாம்பாற்றுப் பாலம் வரும். பாலத்தைத் தாண்டினால் நோணாங்குப்பம், படகுத்துறை. செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி ஆறு புதுச்சேரியை நெருங்கியதும் இரண்டாகப் பிரிகிறதல்லவா, அதில் ஒன்று அரியாங்குப்பத்து ஆறு, மற்றொன்று இது. கடல் பக்கத்திலேயே இருப்பதால் ஏற்றத்தின்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரும். வற்றத்தின்போது திரும்பிப் போகும். கொடுவாவுக்கு இப்படிப்பட்ட இடம்தான் சொர்க்கம்.

என் மாமனாருக்கும் அதுதான் சொர்க்கம். மில்லில் வேலை பார்த்த நாளிலும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க மாட்டார். விடியற்காலையில் சின்ன வலை வீசி உயிர் இறால் பிடிப்பார். அதை முள்ளில் மாட்டி ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை அசைய மாட்டார். கொண்டு வந்தால் கொண்டு வந்தார். இல்லாவிட்டால் சந்தை மீன்தான். அவரும் நானும் பேசிய பேச்செல்லாம் அந்தக் காலத்தில், "மாமா, சாப்பிட வாங்க", "வரேம்மா" என்ற அளவோடு சரி.

நாலைந்து வருஷத்துக்கு முன் அவருடைய வலது கை ஆடத் தொடங்கியது. நடுக்குவாதம். 1817-ல் ஜேம்ஸ் பார்கின்சன் என்ற ஆங்கிலேய வைத்தியர் இதைப் பற்றி விவரமாக எழுதினார். அவர் பெயராலேயே இன்று வழங்குகிறது. இந்த வியாதியில் ஒரு விசித்திரம் உண்டு. கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் நடுக்கம் அதிகம். ஒரு காரியத்துக்காகக் கையை நீட்டினால் பல பேருக்கு அது குறைந்துவிடும். ஆனால் விரல்கள் விறைத்துப்போய் வேகம் குறைந்துவிடுவதால், சட்டைப் பித்தான் போடுவது போன்ற நுணுக்கமான வேலைகள்தான் பெரும்பாடு. மாமாவால் தூண்டிலை வீச முடிந்தது. துள்ளுகிற இறாலை முள்ளில் மாட்டத்தான் முடியவில்லை. கட்டை விரலெல்லாம் குத்துக் காயம். ஒரு நாள் வலையையும் கோலையும் பரணில் போட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சோற்றைப் பிசைவார், பாதியில் எழுந்து போய்விடுவார்.

"வயசாச்சு, போதும். ஆற்றில் வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது?" என்றார் என் கணவர். நாத்தனார் கடிதம் போடாத குறையாக டெலிபோனில் அதையே சொன்னாள். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் டாக்டர் வேறு விதமாகச் சொன்னார்: "அவரால் முடிகிற வேலையை அவரே செய்யட்டும். நேரம் ஆனால் ஆகட்டும். முடியாததற்கு மட்டும் கை கொடுங்கள்." கேட்கச் சுலபமாக இருக்கிறது. முடிகிறது எது, முடியாதது எது என்று கோடு கிழிப்பது அத்தனை சுலபமா?

கோடு கிழித்துக் கொடுத்தது ஒரு ரப்பர் புழு. காலேஜில் படிக்கும் என் மகன் புதுச்சேரியில் வாங்கி வந்தான். விரல் நீளம், தொட்டால் வழவழவென்று, உயிருள்ளது போலவே நெளிகிறது. பார்த்ததும் நான் ஓரடி பின்வாங்கினேன். மாமா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். திண்ணைக்கு வந்த பிறகு அவர் ஒரு பொருளை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

இந்தப் புழுவின் பூர்வோத்தரம் கேட்டால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். பெயர்தான் ரப்பர், இது மிருதுவான ஒரு வகைப் பிளாஸ்டிக். அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து அக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் 1949-ம் வருஷத்தில் தங்கள் வீட்டு அடுப்பில் காய்ச்சி வார்த்துப் பார்த்த சரக்கு! பால் போன்ற திரவத்தைச் சூடாக்கி, சாயம் சேர்த்து அச்சில் ஊற்றினால், ஆறியதும் புழு. அங்கே 'பாஸ்' என்றொரு நன்னீர் மீனைப் பிடிக்கப் பைத்தியமாக அலைவார்கள், அதற்காகச் செய்தது. நம்முடைய கொடுவாவை இங்கிலீஷில் 'ஸீ பாஸ்' என்கிறோமே தவிர, இரண்டும் உறவில்லை. ஆனால் வாய்ச் சாமர்த்தியம் ஒன்றுதான். இரண்டும் பதுங்கியிருந்து, இரை அருகே வந்ததும் வாயை அகலத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். (உங்கள் வீட்டு அடுப்பில் இந்தக் காய்ச்சும் வேலை வேண்டவே வேண்டாம். அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது.)

சரி, கோக்கும் விதத்துக்கு வருகிறேன். இதற்கென்று முள் தனி. முள்ளின் கழுத்தில் ஒரு ஈயக் குண்டை வார்த்தே விற்கிறார்கள். ஈயத்தலை முள் என்று சொல்லலாம். நரம்பு கட்டும் வளையம் ஈயத்தின் மேலே இருப்பதால், தண்ணீரில் முள்ளின் கூர் மேல்நோக்கியே நிற்கும். அடியில் உள்ள சேற்றிலும் குப்பையிலும் அதிகம் மாட்டாது. யோசித்துச் செய்திருக்கிறார்கள்!

முதலில் அளவு. புழுவின் மூக்கை ஈயத்தலையை ஒட்டினாற்போல் வைத்து, முள்ளின் பக்கத்தில் படுக்க வையுங்கள். முள்ளின் வளைவு புழுவின் உடம்பில் எந்த இடத்தில் வருகிறதோ, அங்கே முதுகில் நகத்தால் ஓர் அடையாளம். ரவிக்கைக்குக் காஜா எடுக்குமுன் அளவு பார்க்க மாட்டீர்களா? அதே சங்கதி. அளவு பார்க்காமல் குத்துகிறவர்களை நான் ஆற்றங்கரையில் தினம் பார்க்கிறேன், எல்லாரும் ஆண்பிள்ளைகள்.

பிறகு, மூக்கின் சரியான நடுவில் கூரை இறக்க வேண்டும். நடு என்றால் நடு. உள்ளே போனதும் முள்ளைத் தள்ளாதீர்கள். முள் அப்படியே நிற்கட்டும், புழுவை அதன்மேல் ஏற்றுங்கள். நாடா நுழைக்கும்போது துணியைச் சுருக்கிச் சுருக்கித் தள்ளுவோமே, அப்படி. அடையாளம் வந்ததும் கூரை முதுகு வழியாக வெளியே எடுத்து, சுருங்கிய உடம்பை நீவிவிட்டு, மூக்கை ஈயத்தலை வரை ஏற்றிவிட்டால் தீர்ந்தது. கழுத்தில் சின்னக் கொம்பு ஒன்று இருக்கும். அது புழு நழுவாமல் பிடித்துக்கொள்ளும். பிடி தளர்ந்தால் ஒரு சொட்டுப் பசை.

இப்போது கண்ணுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். கூன் விழக்கூடாது, ஓரிடத்தில் புடைக்கக்கூடாது. கொஞ்சம் வளைந்திருந்தாலும் இழுக்கும்போது புழு பம்பரம்போல் சுற்றும். நரம்பு முறுக்கிக்கொள்ளும், நெளிவு போய்விடும். கொடுவா முட்டாள் இல்லை. வளைந்திருந்தால் தயங்காமல் உருவி மறுபடி கோக்க வேண்டும்.

இரண்டு ஜாக்கிரதைகள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுப்படிக்குள் வராதீர்கள். குழந்தைகள் கைக்கும் அது எட்டக்கூடாது. புழுக்களை அவை வந்த பையிலேயே வையுங்கள். என் மகன் வேறு வேறு ஜாதிப் புழுக்களை ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தான். ஒரு வாரத்தில் புழுவும் புழுவும் உருகி ஒட்டி, டப்பாவின் அடியும் இளகிப் போயிற்று. நல்ல டப்பா அது.

ஆக, ஏற்பாடு இப்படி முடிந்தது: கோப்பது நான், வீசுவதும் இழுப்பதும் மாமா. கரையில் காய்ந்த, மட்டமான இடமாகப் பார்த்துத்தான் நிற்பது. கூட நானோ மகனோ இருப்பது. கணவர் அரை மனதாகச் சம்மதித்தார். "மருமகள் மாமனாரைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறாளாம்" என்று தெருவில் இரண்டு நாள் பேச்சு. மூன்றாம் நாள் வேறு பேச்சு கிடைத்திருக்கும்.

வீசியதும் உடனே இழுக்கக் கூடாது. தலை அடியைத் தொட்டதும் நரம்பு தொய்யும். கோலின் நுனியை மெதுவாகத் தூக்கி, மறுபடி இறங்க விட வேண்டும். இறங்கும்போதுதான் பெரும்பாலும் கொடுவா பிடிக்கும். உள்ளங்கையில் 'தட்' என்று ஒரு தட்டு. மாமாவின் கை ஆடுவதால் புழுவும் ஆடி, அதனால் மீன் வருகிறது என்று என் மகன் சொல்வான். தாத்தாவுக்கு அதில் பரம சந்தோஷம். நான் நம்பவில்லை.

முதல் பெரிய மீன் போய்விட்டது. கோல் வில்லாய் வளைந்ததும் என் மகன் பாய்ந்து பிடிக்கப் போனான். "விடுடா!" என்று ஓர் அதட்டல். அந்தக் குரலை நான் கேட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. தனியாகவே போராடினார். மூச்சு வாங்கிற்று. எனக்கு அடிவயிற்றில் புளி கரைத்தது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டே நின்றேன். கடைசியில் நரம்பு அறுந்தது. கொடுவா கழுவியவர்களுக்குக் காரணம் தெரியும்: அதன் செவுள் மூடியின் விளிம்பு பிளேடு மாதிரி. என் விரலையே எத்தனை தடவை பதம் பார்த்திருக்கிறது! அதை நான் சொல்லவும், மாமா அன்றே முள்ளுக்கு முன்னால் ஒரு முழத்துக்குத் தடித்த நரம்பு சேர்க்கச் சொன்னார்.

அடுத்தது தப்பவில்லை. ஒன்றரைக் கிலோ இருக்கும். ஆண் கொடுவாவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் இந்த ஜாதியில் பெரும்பாலானவை முதலில் ஆணாகவே முதிர்ந்து, சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறுகின்றன. பெரிய கொடுவாவெல்லாம் அனேகமாகப் பெண். முட்டையிட ஆற்று முகத்துக்குப் போய்விடும். இந்தியாவில் இதைத் தொட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்ததே 1997-ல்தான். சென்னையிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் செய்தார்கள்.

மீனைக் கரையில் போட்டதும் மாமா அதைப் பார்க்கவில்லை. அதன் வாயிலிருந்த புழுவைத்தான் பார்த்தார். "நேராத்தாம்மா கோத்திருக்கே" என்றார். கிழிந்த புழுவை ஆற்றில் எறியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மீன் விழுங்கினால் அதன் வயிற்றில் கிடந்து ஊறும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது திண்ணையில் எங்களுக்குள் ஒரே ஒரு தகராறுதான். மழைக்குப் பின் ஆறு கலங்கியிருக்கும்போது வெள்ளைப் புழுதான் கண்ணுக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. இறால் நிறம்தான் எடுபடும் என்பது என் கட்சி. போன வாரம் இரண்டிலும் ஒன்றும் விழவில்லை. இன்று சாயங்காலம் ஏற்றம் ஐந்து மணிக்கு. இரண்டையும் கோத்து வைத்திருக்கிறேன்.