தண்ணீருக்குக் கீழே இருக்கும் பலகைகள்



நோவாவின் பேழையை நினைக்கும்போது அதன் நீள அகலங்கள் நம் மனதில் நிற்கின்றன. அதற்கு உள்ளேயும் வெளியேயும் கீல் பூச வேண்டும் என்று சொல்லப்பட்டதையோ விரைந்து கடந்துவிடுகிறோம். இவ்வாரம் வேறொரு படகையும் அதைப் பழுதுபார்த்த ஒரு மனிதரையும் குறித்துச் சிந்திக்க உங்களை அழைக்கிறேன்.

ஜோஷுவா ஸ்லோகம் பாய்க்கப்பல்களின் தலைவராயிருந்தவர். நீராவிக் கப்பல்கள் பெருகியபின் அவருடைய தொழிலுக்கு இடமில்லாமற்போயிற்று. மனைவி இறந்துவிட்டார், சொந்தக் கப்பலும் பிரேசில் கரையில் உடைந்துபோயிற்று. 1892-ல் நண்பர் ஒருவர், கொஞ்சம் பழுதுபார்க்க வேண்டிய கப்பலொன்று இருக்கிறது, எடுத்துக்கொள்ளும் என்றார். மாசசூசெட்ஸின் ஃபேர்ஹேவனில் போய்ப் பார்த்தால், கடலைவிட்டு விலகி, ஒரு வயலில், ஏழாண்டுகளாக முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்ட பழைய படகு! 'கொஞ்சம்' என்று சொன்ன அந்த நண்பர் நகைச்சுவை அறிந்தவராயிருக்க வேண்டும். படகின் பெயர் 'ஸ்ப்ரே'. நீளம் 36 அடி 9 அங்குலம்.

ஸ்லோகம் சாயத்தில் தொடங்கவில்லை. அருகிலிருந்த ஒரு கருவாலி மரத்தை வெட்டி அடிமரம் செய்தார். இளமரங்களை நீராவியில் வேகவைத்து, வளைத்து, விலா எலும்புகள்போலப் பொருத்தினார். ஒன்றரை அங்குலப் பைன் பலகைகளை அறைந்தபின், சந்துகளில் பஞ்சையும் அதன்மேல் சணல்நாரையும் திணித்து அடைத்தார். அது பிதுங்கி வெளியே வந்துவிடும் என்று வேடிக்கை பார்த்தவர்கள் சிலர் சொன்னார்கள், வரவில்லை. இதனால் என்ன இலாபம் என்று கேட்டவர்களும் உண்டு. இக்கேள்விக்கு அன்றும் இன்றும் பஞ்சமில்லை. சாயம் வந்தது கடைசியில்தான். மேற்புறத்திற்கு வெள்ளை ஈயச் சாயம் இருமுறை. அடிப்பாகத்திற்குச் செம்புச் சாயம் இருமுறை. பதின்மூன்று மாத உழைப்பு. பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட். அந்தப் பணத்திலும் ஒரு பகுதியைத் துறைமுகத்தில் பிறருடைய கப்பல்களில் வேலைசெய்தே அவர் சம்பாதித்தார்.

பிரியமானவர்களே, வெள்ளைச் சாயத்தைத் துறைமுகம் முழுவதும் காணும். செம்புச் சாயத்தைக் காண்பவர் யார்? மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவுக்கே அது தெரியும். நம்மில் பலர் ஆலயத்திற்கு வரும்போது வெள்ளைப் பூச்சோடு வருகிறோம். குடும்ப ஜெபம் நின்றுபோன வீடுகளை நான் அறிவேன். அவற்றின் வாசற்படிகள் பளபளப்பாகவே இருக்கின்றன.

1895 ஏப்ரல் 24 அன்று தமது 51-ஆம் வயதில் தன்னந்தனியாகப் பாஸ்டனைவிட்டுப் புறப்பட்டார் ஸ்லோகம். ஓய்வை நெருங்கி, இனி எனக்கு என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்கிறவர்கள் இவ்வயதைக் குறித்துக்கொள்ளுங்கள். 46,000 மைல் சுற்றி, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட்டை அடைந்தார். உலகைத் தனியாய்ச் சுற்றிவந்த முதல் மனிதர் அவரே. கீலிங் தீவுகளில் பவளப்பாறை ஒன்றில் மோதியபோது பிளந்தது பாறைதான். முன்மரத்தில் கீறலும் விழவில்லை.

இதைவிட என்னைத் தொட்டது டாஸ்மேனியாவில் நடந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த படகை அவர் டெவன்போர்ட்டில் கரையேற்றி, அடிப்பாகத்தைக் கவனமாய்ச் சோதித்தார். புழு இல்லை. ஆயினும் செம்புச் சாயத்தை மறுபடியும் பூசியே கடலில் இறக்கினார். துன்பம் வந்தபின் தம்மைச் சோதித்துப் பார்க்கிறவர்கள் பலர். எல்லாம் நலமாயிருக்கும் நாளில் அப்படிச் செய்திருக்கிறீர்களா?

பிற்காலத்தில், அறுபதைக் கடந்த ஸ்லோகம் அதே படகில் மீண்டும் புறப்பட்டார், திரும்பி வரவேயில்லை. அந்நாட்களில் ஸ்ப்ரேயைக் கண்டவர்கள், அது பராமரிப்பின்றித் தளர்ந்திருந்தது என்றார்கள். அதுதான் காரணமா, இருளில் வேறொரு கப்பல் மோதிற்றா என்பதை எவரும் அறியார்.