கால் அறிந்த சரிவு

விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் சைக்கிளை வாசலில் இறக்கிவிடுவேன். அப்பா வாங்கிய ஹெர்குலிஸ். டயர், செயின், பெடல் எல்லாம் எத்தனையோ முறை மாறிவிட்டன. பார் மட்டும் அவர் தொட்ட அதே இரும்பு. அந்தப் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவன், இந்த அறுபத்தெட்டில் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாக மிதிக்கிறேன்.

சிப்காட் முனையில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்த பிள்ளைகள், வேன் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கியபடி போவார்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை வரப்போகும் மெட்ரோவுக்கான தூண்கள் சாலையில் வரிசையாக எழும்பி நிற்கின்றன. நான் வளர்ந்த காலத்தில் இங்கே சவுக்கும் முள்காடும்தான். அதெல்லாம் போயிற்றே என்று நான் புலம்புவதில்லை. எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் பலர் சோற்று டப்பாவோடு நடந்தே வேலைக்குப் போய் வருகிறார்கள். அதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது.

படூர் தாண்டி, கேளம்பாக்கத்தில் இடப்பக்கம் கோவளம் ரோட்டில் திரும்பினால் காற்றில் உப்பு வாசம் ஏறும். பக்கிங்ஹாம் கால்வாயைக் கடந்ததும் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுக் கொஞ்சநேரம் நிற்பேன். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து இந்தக் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டினார்கள். அன்றைய சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் அதற்கு வந்தது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இதில் பட்டணம் போனதை அப்பா சொல்லுவார். மேற்கே எங்கள் ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீரும் கடைசியில் இங்கே வந்து, முட்டுக்காடு முகத்துவாரம் வழியாகக் கடலைச் சேர வேண்டும்.

இதை எனக்கு முதலில் சொன்னது முழங்கால்தான். சின்ன வயசில் வீட்டிலிருந்து ஏரிக்கரைக்கு மிதித்தால் தொடை வலிக்கும். கிழக்கே திரும்பினால் பெடலைத் தொடாமலே வண்டி கொஞ்ச தூரம் ஓடும். கண்ணுக்குத் தெரியாத சரிவு அது. மோட்டார் வண்டியில் போகிறவருக்கு அது பிடிபடாது.

பிடிபட்டிருந்த நானே அதை மறந்தேன். பழைய மகாபலிபுரம் சாலை ஆறு வழியாகிக்கொண்டிருந்த காலம் அது. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரையிலான அந்த வேலை 2008-ல் முடிந்தது. மனையின் விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. சைக்கிளைப் பரண் பக்கம் சாத்திவிட்டு மொபெட் வாங்கினேன். வாடகைக்கு விட மூன்று போர்ஷன் கட்டலாம் என்று கணக்குப் போட்டேன். என் மனை ஓரமாக இரண்டடி அகலத்தில் ஒரு வாய்க்கால் ஓடும். வருஷத்தில் பத்து மாதம் வறண்டே கிடக்கும். நாலு லோடு கிராவல் கொட்டி அதைத் தூர்த்தேன். கேட்பார் யாருமில்லை. எனக்குள்ளும் எந்தக் குரலும் கேட்கவில்லை.

2015 டிசம்பர் மழையில் ஏரித் தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடி வந்து, என் காம்பவுண்டில் முட்டித் திரும்பி, பக்கத்து வீட்டு அக்காவின் கூடத்தில் நுழைந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நான் போய் நின்றபோது அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, அந்த அரிசி டிரம்மக் கொஞ்சம் மேல தூக்கி வெச்சுடுப்பா." நாலு நாள் எங்கள் மாடியில் இருந்தார். கரண்டும் இல்லை, பாலும் இல்லை. என் பேத்திக்குக் காய்ச்சல். நனையாமல் தப்பிய அந்த அரிசியில் கஞ்சி வைத்து, துணியில் வடித்து, ஆற்றி, அவர்தான் குழந்தைக்கு ஊட்டினார். வாய்க்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் ஏதாவது நியாயம் சொல்லித் தப்பியிருப்பேன்.

அடுத்த கோடையில் மதிலை இடித்து, ஒரு போர்ஷனின் திண்ணையையும் எடுத்துவிட்டு, வாய்க்காலைத் தோண்டினேன். வாசலுக்கு எதிரே திறந்துவிட இடமில்லாத துண்டில் மட்டும் இரண்டடி சிமெண்ட் குழாய் பதித்தேன். கொத்தனார் மட்டப்பலகையை எடுத்து வருவதற்குள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து அந்த இடத்தில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துச் சாய்வைச் சொன்னேன். மட்டம் பார்த்தபோது சரியாகவே இருந்தது. அன்றிலிருந்துதான் தினமும் விடியற்காலையில் சைக்கிள் மறுபடி வெளியே வருகிறது.

ஐப்பசி பிறந்துவிட்டால் கோவளம் வரை போவதில்லை. ஏரிக்கரை வரை போய்க் கலங்கலைப் பார்த்துவிட்டு, வாய்க்காலை ஒட்டியே மெல்ல இறங்கி வருவேன். கேரியரில் ஒரு மூங்கில் கழி கட்டியிருக்கும். குழாய் வாயில் அடைத்திருக்கிற பிளாஸ்டிக் பையையும் சருகையும் அதனால் இழுத்துப் போடுவேன். அக்காவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. சைக்கிள் பெல் சத்தம் கேட்டதும் திண்ணையிலிருந்து, "தண்ணி போவுதா தம்பி?" என்பார். குனிந்து பார்த்துவிட்டு, "போவுதுக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியை உள்ளே ஏற்றுவேன்.