ஆணியை இழுப்பது எது?

ஒலக்கூர், திண்டிவனம் பக்கத்து நெல் அரவைக்குப் போகும்போது ஆணியோ கம்பித்துண்டோ கூடவே போய்விடலாம். உமி நீக்கும் ரப்பர் ரோலை அது கெடுத்துவிடும். அதனால்தான் அரவை ஆலைகளில் நெல் இறங்கும் வழியில் நிரந்தரக் காந்தம் வைக்கிறார்கள். காந்தத்தின் பலத்தைச் சொல்ல வழக்கத்தில் இருப்பது காஸ் கணக்கு. அந்த ஓர் எண்ணை வைத்து இழுவிசையைச் சொல்லிவிடலாம் என்கிறது பாடநூல் சூத்திரம். அதன் பிறப்பிடத்தைத் தேடிப் போனதில், அந்த எண் மட்டும் போதாது என்ற முடிவுக்குத்தான் வந்தேன்.

காந்தப் புலத்தின் வர்க்கத்தைப் பரப்பால் பெருக்கி, வெற்றிடத்தின் உட்புகுதிறனைப் போல இரு மடங்கால் வகுப்பதுதான் சூத்திரம். 1 டெஸ்லா, அதாவது 10,000 காஸ் இருந்தால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிலோ எடையைத் தாங்கும். புலம் பாதியானால் விசை கால்பங்காகிவிடும். இதன் வேர் மாக்ஸ்வெல் 1873-இல் வெளியிட்ட மின்காந்தவியல் நூலில் இருக்கிறது. விசைக்கோடுகள் நெடுக ஓர் இழுவிசை நிலவுவதாக அவர் கணக்கிட்டார். இரும்பில் ஒட்டிய காந்தத்தை மயிரிழை விலக்கினால் நடுவே புதிதாக ஓர் இடைவெளி பிறக்கிறது. அதை நிரப்பும் புலத்துக்கான ஆற்றலை விலக்கும் கைதான் கொடுத்தாக வேண்டும். கைக்குத் தெரியும் இழுப்பு அதுவே. ஆனால் இங்கே கணக்கில் வருவது அந்த இடைவெளியில் இருக்கும் புலம். வெறும் காந்தத்தின் முகப்பில் கருவி காட்டும் காஸ் வேறு. தடித்த இரும்பு ஒட்டினால் புலம் கூடும். மெல்லிய தகடு என்றால் சீக்கிரமே செறிவடைந்துவிடும், இழுப்பும் குறையும்.

ஒட்டிய இரும்புக்கு இது சரி, நெல்லோடு உருண்டு வரும் ஆணிக்கு? அதற்கான விடை மாக்ஸ்வெல்லுக்கும் முந்தியது. 1847-இல் வில்லியம் தாம்சன், புலத்தின் வர்க்கம் எந்தப் பக்கம் வளர்கிறதோ அந்தப் பக்கமே சிறு இரும்புக் குண்டு இழுபடும் என்று காட்டினார். புலம் எங்கும் சீராக இருந்தால், எத்தனை வலிமையானாலும் இழுப்பே கிடையாது. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் 1930-களில் தம் படிக ஆய்வுகளுக்கு இதைத்தான் பயன்படுத்திக்கொண்டார். சீரான புலத்தில் மெல்லிய இழையில் தொங்கும் படிகம் பக்கவாட்டில் இழுபடாது, முறுக்கிக்கொள்ள மட்டும் செய்யும். அந்த முறுக்கிலிருந்து படிகத்தின் காந்தப் பண்பை அளந்தார். புலத்தின் மாற்றம்தான் முக்கியம் என்றால் சூத்திரத்தில் அது ஏன் இல்லை என்று கேட்கலாம். இருக்கிறது: காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே இருக்கும் புலம் இரும்பின் மறுபக்கம் ஏறக்குறைய இல்லாமல் போகிறதே, அந்த மாற்றத்தைப் பரப்பு என்ற அளவு விழுங்கிக்கொண்டிருக்கிறது. விலகி நிற்கும் ஆணிக்கு அந்தச் சலுகை இல்லை. காந்தத்தின் அளவைவிடத் தொலைவு வெகுவாகக் கூடிய நிலையில், தூரம் 2 மடங்கானால் சிறு இரும்புத்துண்டின் மீதான விசை 128-இல் ஒரு பங்காகிவிடும். அகலமான தகட்டுக் காந்தத்தின் அருகே வீழ்ச்சி இவ்வளவு கடுமையாக இராது. ஆகவே ஆலைக்காரர் கேட்க வேண்டியது முகப்பில் எத்தனை காஸ் என்பதை மட்டுமல்ல. நெல் ஓட்டத்தின் மேல்மட்டம் வரை எத்தனை காஸ் மிஞ்சுகிறது, அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதையும்தான்.