பாய்ந்து வருவோர் விட்டுவந்த இடம்

தமிழர் போர் ஒழுக்கத்திற்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர், புறத்திணையியலை வெட்சியில் தொடங்குகிறார். பகைவர் எல்லைக்குள் நுழைந்து, ஆநிரையைக் கவர்ந்து, மீண்டும் தம் எல்லைக்கு வந்து சேர்வது வெட்சி மறவர் வினை. நுழைவது எளிது, கவர்வதும் கூடும், மீள்வதே அரிது. சடுகுடு ஆட்டத்தைக் காணும்போதெல்லாம் நமக்கு இத்திணையே நினைவில் எழுகிறது. தனியொருவன் மூச்சடக்கிப் பாடியவாறு எழுவர் நிற்கும் களத்தில் புகுகிறான். தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்கு மீள வேண்டும்.

துறையின் மலரில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். சடுகுடுவின் வரலாற்றை நாம் இங்கு எழுத வரவில்லை. நம் சிந்தனையில் நெடுநாள் கிடந்த ஒரு வினாவுக்கு விடை தேடுகிறோம். பிடிக்க நிற்போர் காத்து நில்லாமல் ஒருங்கே முன்பாய்ந்து வந்தால், பாடிச் செல்பவன் என்ன செய்வது?

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் பிறந்து வளர்ந்தோர்க்கு இவ்வினா புதிதன்று. சங்கராபரணி ஆற்றங்கரையிலும், பாகூர் ஏரிப் பாசனத்து வயல்வெளியிலும், தைத்திங்களில் அறுவடை முடிந்த கையோடு நிலத்தைச் சமன் செய்து சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். குழல்விளக்கும் ஒலிபெருக்கியும் வந்துவிட்டால் ஊரே அங்குதான். சுல்தான்பேட்டைப் பிள்ளைகளும் மாதா கோயில் தெருப் பிள்ளைகளும் தேரோடும் வீதிப் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடி நாம் பார்த்திருக்கிறோம். அன்று மண்தரை, இன்று பல இடங்களில் விரிப்புத்தரை. விரிப்பில் கால் வழுக்காது. ஆகவே பிடிப்பவர் பாய்ச்சலின் விசையும் கூடிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் ஒரு மாணவர் பயின்றார். தந்தை கரும்பு வெட்டும் கூலி. குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் பிள்ளை. சடுகுடுவால் கிடைத்த இடம் அது. கட்டணச் சலுகையும் அதனால் வந்ததே. மெலிந்த உடல், ஆனால் விரைந்த கால். முதலாமாண்டில் அவரைப் பிடிக்க ஆளில்லை. இரண்டாமாண்டில் எதிரணிகள் ஒரு வழி கண்டுகொண்டன. அவர் நடுக்கோட்டைத் தாண்டியதும் மூவர் நால்வராக மேல் விழுந்தார்கள். தொடர்ந்து மூன்று போட்டிகளில் அவர் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. தோள் எலும்பும் பிசகிற்று. "ஐயா, நான் ஊருக்கே போய்விடுகிறேன். ஆட முடியாதவனுக்கு இந்த இடம் எதற்கு?" என்று கேட்டார். அவர் விட்டுப் போக எண்ணியது ஆட்டத்தை மட்டுமன்று, படிப்பையும்தான்.

தோள் ஆறியபின் நாம் அவரை வில்லியனூரில் உள்ள நம் தாய்மாமாவிடம் அழைத்துச் சென்றோம். மாமா மண்தரைக் காலத்து ஆட்டக்காரர். ஐந்தடி நான்கு அங்குல உயரம். மாணவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வாசலில் ஒரு குச்சியால் கோடு கிழித்தார்.

"தம்பி, அவன் நின்றுகொண்டிருந்தால் நீ அவனிடம் போகவேண்டும். அவனே ஓடி வருகிறான் என்றால் உனக்குப் பாதி வழி மிச்சம்தானே? பிறகு ஏன் உள்ளே போய் மாட்டுகிறாய்?" என்றார் மாமா.

அன்று மாலை முழுதும் அவர் விளக்கியதை, இன்றைய விதிகளோடு பொருத்தி ஈண்டுத் தருகிறோம். ஆடவர் களத்தில் ஒரு பக்கத்தின் ஆழம் 6.5 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தொலைவில் ஒரு கோடு உண்டு. யாரையும் தொடாத நிலையில், அதைக் கடவாமல் திரும்பினால் பாடிச் சென்றவர் ஆட்டமிழப்பார். அதற்கு அப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. பாட்டுக்குரிய நேரம் 30 நொடி.

முன்பாயும் அணிக்கெதிராக முதற்கோட்டைத் தொடக்கத்திலேயே, எதிரணியினர் அணிவகுத்து நிலைகொள்ளுமுன் கடந்துவிட வேண்டும். கடந்தவுடன் நடுக்கோட்டுப் பக்கம் பின்வந்து நின்றால், பாய்பவர் நெடுந்தொலைவு வரவேண்டியிருக்கும். நமக்கோ வீடு இரண்டடியில் இருக்கும். அவர் கை நீளும் கணமே நாம் தொடுவதற்குரிய கணம். நீட்டிய விரலைத் தட்டிவிட்டுத் திரும்பினால் ஒரு புள்ளி. காலால் வீசித் தொடும் பெரிய வித்தைகளை அப்போது நாடலாகாது. அவற்றிற்கு நேரம் வேண்டும், பாய்கின்ற அணி தராதது நேரமே.

இரண்டாவது, வெற்றிடம். இடமூலையில் நின்றவர் முன்னே பாய்ந்தால் இடமூலை காலியாகிறது. களத்தில் ஆறு அல்லது ஏழு பேர் நிற்கும்போது போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை ஊன்றி மறுகாலை உயர்த்தினால் ஒரு புள்ளி உண்டு. முன்னே வந்தவர் விட்ட இடத்தில்தான் அந்தக் கோடு காவலின்றிக் கிடக்கும். கைகோத்து வரும் இருவர் உயர்ந்து பாய்ந்தால், அவர்கள் கைகளுக்குக் கீழே ஒரு வாயில் திறக்கும். குனிந்து புகுந்து வெளியேறும் இவ்வித்தையை இன்று 'டுப்கி' என்கிறார்கள்.

மூன்றாவது, ஓரம். களத்தின் இருபக்கமும் ஒரு மீட்டர் அகலத்தில் ஒதுக்கிடம் உண்டு. ஒருவரையொருவர் தொடுமுன் அதில் கால் வைத்தவர் ஆட்டமிழப்பார். ஓரத்தை ஒட்டி நின்று உடலை மட்டும் சாய்த்து விலகினால், வேகத்தை அடக்கமாட்டாமல் பாய்ந்தவர் தாமே அதனுள் விழுந்து வெளியேறுவதுண்டு.

நான்காவதைத்தான் மாமா அழுத்திச் சொன்னார். "பிடித்துவிட்டார்கள் என்றால் முடிந்துவிட்டது என்று நினைக்காதே. உன்னைப் பிடித்த ஒவ்வொருவனும் உன்னால் தொடப்பட்டவன். விரல் நுனி கோட்டில் பட்டால் அத்தனை பேரும் வெளியே." சடுகுடுவின் அறம் இதில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. எத்தனை பேர் மேல் விழுகிறார்களோ அத்தனை பேரையும் பணயம் வைத்தே விழுகிறார்கள். 2017ஆம் ஆண்டு புரோ கபடிப் போட்டியில், அரியானா ஸ்டீலர்ஸ் அணிக்கெதிராகப் பாட்னா பைரேட்ஸ் அணியின் பர்தீப் நர்வால் ஒரே பாட்டில் களத்தில் நின்ற அறுவரையும் வெளியேற்றினார். முழு அணியும் வீழ்ந்ததற்கான இரு புள்ளிகளோடு சேர்த்து, அந்த ஒரு பாட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கிடைத்தன.

இவ்வினா நம் மண்ணுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கல்லூரிகளில் பேராரவாரத்தோடு ஆடப்படும் கால்பந்து, நாம் அறிந்த கால்பந்திலிருந்து வேறானது. நீள்முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் சுமந்தும் முன்னேறும் ஆட்டம் அது. பந்தை எறிபவரைக் காக்க ஐவர் வரிசையாக நிற்பர். எதிரணி பெரும்பாலும் நால்வரை அவர்மேல் ஏவும். சில வேளைகளில் ஆறு, ஏழு பேரை ஒருங்கே ஏவிவிடும். அதற்குப் 'பிளிட்ஸ்' என்று பெயர். மின்னலைக் குறிக்கும் செருமானியச் சொல் அது. ஐவரால் எழுவரைத் தடுக்க இயலாது. ஆகவே தேர்ந்த பயிற்றுநர்கள் நீண்ட எறிவைக் கைவிட்டு, பாய்ந்தவர் விட்டுவந்த இடத்திற்கே குறுகிய எறிவாக உடனே பந்தை அனுப்பச் சொல்வர். வேண்டுமென்றே அவர்களை நெருங்கவிட்டு, அவர்தம் தலைக்கு மேலே அருகில் நிற்கும் தம்மவரிடம் பந்தைச் சேர்ப்பதும் உண்டு. வில்லியனூர் வாசலில் குச்சியால் கிழிக்கப்பட்ட பாடமும் அதுவும் ஒன்றாகவே இருப்பது கண்டு வியந்தோம்.

போர்க்களமும் இதனை அறியும். 1752இல் பாகூர் அருகே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். ஆங்கிலேயத் தளபதி லாரன்ஸ் பின்வாங்குவதுபோல் பாகூர்ப் பக்கம் படையை நகர்த்தினார். புதுச்சேரியிலிருந்த டுப்ளே, பின்தொடருமாறு தம் தளபதி கெர்ஜானை முடுக்கினார். துரத்திச் சென்ற படையை லாரன்ஸ் திரும்பி வந்து தாக்கினார், கெர்ஜான் சிறைப்பட்டார். இரு தரப்பும் நம் மண்ணைப் பங்கிட வந்தோரே ஆதலின் யார் வெற்றியும் நமக்குப் பெருமையில்லை. எனினும், முடுக்கப்பட்ட வேகம் தன் பின்புறத்தை மறந்துவிடும் என்ற பாடம் அந்த வயல்களுக்குரியது.

பாய்ச்சலை எப்போதும் வென்றுவிடலாம் என்று நாம் கூறவில்லை. ஆசிய விளையாட்டில் 1990 முதல் 2014 வரை ஆடவர் சடுகுடுத் தங்கம் ஏழு முறையும் இந்தியாவுக்கே வந்தது. 2016இல் அகமதாபாத் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஈரான் அணி நம்மவரை நெருக்கியது. இடைவேளையில் 13–18 எனப் பின்தங்கியிருந்த இந்தியா, பின்னர் 38–29 என வென்றது. அஜய் தாக்கூர் 12 புள்ளிகள் எடுத்தார். தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதனும் அவ்வணியில் இருந்தார். ஆயினும் 2018இல் ஜகார்த்தாவில், அரையிறுதியிலேயே அதே ஈரான் 27–18 என இந்தியாவை வீழ்த்தித் தங்கத்தையும் கொண்டு சென்றது. மகளிர் இறுதியிலும் ஈரானே 27–24 என வென்றது. நாம் கற்பித்த ஆட்டத்தை அவர்கள் நம்மினும் நுணுகிக் கற்றிருந்தார்கள். கற்றவர்க்கே களம் என்பது அங்கு விளங்கிற்று.

மாணவரிடம் மீள்வோம். அவ்வாண்டுத் தைத்திங்களில் பாகூர்க் கொம்யூனைச் சார்ந்த சிற்றூர் ஒன்றில் அவர் ஆடினார். மாமாவும் நாமும் கயிற்றுக்கு வெளியே நின்றோம். எதிரணியினர் பயிற்சி மிக்கவர், எடையும் மிக்கவர். முதல் பாட்டில் பழையபடியே மூவர் மேல் விழ, அவர் பிடிபட்டார். மீண்டும் களம் புகுந்தபோது முதற்கோட்டைத் தொட்டுக் கடந்து, பின்வந்து நின்றார். பாடிக்கொண்டே காத்திருந்தார். "ஏறிப் போடா!" என்று கூட்டம் கூவியது, அவர் அசையவில்லை. வலமூலையில் நின்றவர் பொறுமையிழந்து பாய்ந்தார். விரல் விரலைத் தொட்டது. மாணவர் கோட்டுக்கு இப்பால் நின்றார். பின்னர் இருவர் ஒதுக்கிடத்தில் தாமே விழுந்தனர். ஒருமுறை நால்வர் அழுத்தியும் கை நீண்டு கோட்டைத் தொட்டது. அப்போது களத்தில் எழுந்த ஓசை ஏரிக்கரைவரை கேட்டிருக்கும்.

அவர் அணி இரண்டு புள்ளியில் தோற்றது. சுழற்கோப்பை வேறு ஊருக்குச் சென்றது. ஆனால் அடுத்த திங்கட்கிழமை காலை அவர் வகுப்பில் இருந்தார். மூன்றாமாண்டும் இருந்தார். பட்டமும் பெற்றார். இன்று ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறார். மாலையில் பிள்ளைகளுக்குக் கோடு கிழித்துக் கொடுக்கிறார்.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வலிமையை மட்டும் அறிந்தவர் பாய்கிறார். காலத்தையும் இடத்தையும் அறிந்தவர் அப்பாய்ச்சலுக்கு விடை கூறுகிறார். மெலிந்தவர்க்கு வாய்த்த கல்வி பின்னிரண்டுமே. நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு ஊர்களே கொடையாக வழங்கப்பட்டதைக் கூறுகிறது. ஏட்டுக் கல்விக்கு அத்தகு வரலாறு படைத்த மண்ணில், உடலால் கற்கும் கல்வியும் கல்வியே என்று பெரியோர் ஏற்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். ஆடும் பிள்ளையைப் படிக்காத பிள்ளை என ஒதுக்காதிருப்போம். தோளுக்கு மருத்துவமும், வயிற்றுக்கு ஒருவேளை நல்லுணவும், தவறவிட்ட பாடத்தை மாலையில் சொல்லித்தர ஓர் ஆசிரியரும் இருந்தால் அவர்கள் களத்திலும் நிற்பார்கள், வகுப்பிலும் நிற்பார்கள்.

மாணவச் செல்வங்களே! கட்டணம், தேர்வு, வீட்டுச் சூழல் எனப் பலவும் ஒரே நாளில் உங்கள்மேல் பாய்ந்து வரலாம். அன்று உள்ளே ஓடி மாட்டிக்கொள்ளவும் வேண்டா. களத்தை விட்டு நீங்கவும் வேண்டா. நடுக்கோடு எங்கே என்று பார்த்து நில்லுங்கள். எது முதலில் கைநீட்டுகிறதோ அதை முதலில் தொடுங்கள். மூச்சு மட்டும் அறுபடாதிருக்கட்டும்.