ஊமையன் கோட்டையும் காவலில்லா அரண்மனையும்

மன்னன் கட்டினான், மக்கள் பெயரிட்டனர். திருமயம் கோட்டையின் வரலாறு இவ்விரு சொற்றொடரில் அடங்கும், தோழர்களே! 1687இல் சேதுநாட்டை ஆண்ட கிழவன் சேதுபதி எழுப்பிய கோட்டை அது. ஊரார் வாயிலோ அது 'ஊமையன் கோட்டை'! கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை அங்கிருந்தான் என்பது வழிவழிச் செய்தி. கட்டியவனை மறந்து, களம் கண்டவனை நினைவிற்கொண்ட மக்களின் நன்றியுணர்வை என்னென்பது!

காரைக்குடிக்கு வருவோர் செட்டிநாட்டு மாளிகைகளைக் கண்டு மயங்குவர். பருமாத் தேக்கும் பளிங்குத் தரையும் கண்ணைப் பறிக்கும். நானும் நண்பர் இருவரும் இடிந்த மதில்களைத் தேடி வடக்கே புறப்பட்டோம்.

திருமயத்துப் பாறையின் உச்சியிலே பீரங்கி கிடக்கிறது, முழங்க மறந்து! அடிவாரத்திலே, கோட்டைக்கும் முந்திய இரு குடைவரைக் கோயில்கள்: ஒன்று சிவனுக்கு, மற்றொன்று திருமாலுக்கு. இரு கோயிலாருக்குமிடையே வருவாய் குறித்து வழக்கு மூண்டதையும், அது தீர்க்கப்பட்டதையும் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறுகிறது. பாறை ஒன்றுதான், பங்காளிச் சண்டையோ கடவுளர் பெயரால்! வெளிப்பகைவனைத் தடுக்கும் மதில் எழுவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, உள்ளுக்குள் மதில் எழுந்துவிட்டது.

அங்கிருந்து திரும்பி, காரைக்குடிக்கு அருகிலுள்ள சிறுவயலுக்குச் சென்றோம். சின்ன மருதுவின் ஊர் அது. அவனோடு நட்புப் பூண்டிருந்தவன் ஆங்கிலப் படை அதிகாரி ஜேம்சு வெல்சு. அவன் 1830இல் வெளியிட்ட நினைவுநூலிலே ஒரு செய்தி: சின்ன மருதுவின் அரண்மனையில் காவலன் ஒருவன்கூட இல்லை, விரும்பியவர் எவரும் உள்ளே செல்லலாம், வெளியே வரலாம்! மதிலை நம்பாமல் மக்களை நம்பிய மாண்பு அது!

அந்தத் திறந்த வாயிலுக்குத்தான் 1801இல், பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய ஊமைத்துரை வந்தான். அவன் வேறு குலம். அவன் வீட்டுமொழி தெலுங்கு. அடைக்கலம் தந்தால் போர் வரும் என்பதை மருது அறியானா? அறிந்தே தந்தான். அவ்வாண்டு சூன் திங்களில், திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் வாயிலிலும் மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரையும், இசுலாமியரையும் அன்னியனை எதிர்த்தெழ அழைத்த அறிக்கை அது. வருணப் பெயர் சொல்லியே அது விளிக்கிறது, பாவபுண்ணியமும் பேசுகிறது. அதனைச் சாதியொழிப்புச் சாசனம் என்று நாம் புனைந்துரைக்க வேண்டுவதில்லை. எனினும் ஒருவரையும் விலக்காமல் அழைத்தது. அது போதாதா அதன் பெருமைக்கு?

மாலையில் திருப்பத்தூர் சேர்ந்தோம். 1801 அக்டோபர் 24ஆம் நாள் மருதிருவரைத் தூக்கிலிட்ட ஊர். நவம்பர் 16இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரைக்கும் அதே கயிறு. மறு ஆண்டிலே சின்ன மருதுவின் இளமகன் துரைசாமியும் தோழர் பலரும் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். வெள்ளையன் கயிற்றுக்குக் குலம் தெரியவில்லை. கப்பலுக்குக் கோத்திரம் தெரியவில்லை!

நமக்கோ தெரிகிறது! வழிநெடுகச் சுவரொட்டிகள் பார்த்தோம். அவ்வீரர்களின் படங்கள், அடியிலே அவர்கள் செய்த செயல் இல்லை, பிறந்த சாதியின் பெயர்! இவன் எங்கள் குலக்கொழுந்து, அவன் உங்கள் குலக்கொழுந்து என்று பாகப்பிரிவினை! அடைக்கலம் தந்தவனை ஒரு தெருவிலும், அடைக்கலம் பெற்றவனை மறுதெருவிலும் நிறுத்தி, நடுவே நாம் எழுப்பும் சுவருக்கு என்ன பெயர்? விழா எடுப்பது தவறன்று. அண்டை வீட்டானுக்கு அழைப்பில்லாத விழா அவர்கட்கு எப்படிப் புகழாகும்?

இளைஞர்களே! வேறொன்றும் வேண்டாம். அடுத்த அக்டோபரில் உங்கள் ஊரில் மருதிருவர் விழா நடக்குமானால், மேடையிலே ஊமைத்துரையின் படத்தையும் வையுங்கள். அந்த அறிக்கையைப் படியுங்கள். எல்லாத் தெருவுக்கும் சென்று அழையுங்கள். வாயிலிலே காவல் வைக்காதீர்கள்!